கழிவுநீரில் கலந்த மருந்தை வினையூக்கியால் உடைக்க முடியுமா? ஓசூர் முதல் தருமபுரி வரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மருத்துவமனைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இருக்கும் எஸ்.டி.பி.களை, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கொஞ்ச காலமாகப் போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு: “ஏதோ வினையூக்கியாம், போட்டால் தண்ணீரில் இருக்கிற மருந்தெல்லாம் உடைந்துவிடுமாம், நாமும் வாங்கிப் போடலாமா சார்?” ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

மாத்திரையை விழுங்குவது நாம். அது எப்படிச் சாக்கடைக்குப் போகிறது?

விழுங்கியது முழுவதும் உடம்பில் கரைந்து காணாமல் போவதில்லை. அமாக்சிசிலின் சாப்பிட்டால் பாதிக்கு மேல் உருமாறாமல் சிறுநீரில் வந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசினிலும் கிட்டத்தட்டப் பாதி அப்படியே வெளியேறும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினை உடம்பு உடைப்பதே இல்லை. முழங்கால் வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் இன்னும் மோசம். தோல் வழியாக உள்ளே போவது நூற்றில் ஆறு பங்குபோல. மீதி துணியிலும் துண்டிலும் ஒட்டி, குளிக்கிற தண்ணீரோடு போகும். சி.டி. ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து பல பத்து கிராம். ஒரே நாளில் அவ்வளவும் சிறுநீரில் வெளியே வரும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே இது மருத்துவமனைக் குழாயோடு முடிகிற விஷயம் இல்லை.

எவ்வளவு இருக்கும்? பயப்படும் அளவா?

ஊர்க் கழிவுநீரில் பெரும்பாலும் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கும். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கரைத்தால் லிட்டருக்கு 42 மைக்ரோகிராம் வரும். கழிவுநீரில் ஒரு மருந்து பொதுவாக இதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். ஆலைக் கழிவு என்றால் கணக்கே வேறு. ஹைதராபாத் அருகே படான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீரில் ஒரு சிப்ரோ மாத்திரையைக் கரைத்த மாதிரி. கவனியுங்கள், சுத்திகரித்த பிறகு!

குடித்தால் உடனே ஏதாவது ஆகுமா என்றால், மைக்ரோகிராம் கணக்கு நாம் சாப்பிடும் அளவுக்குப் பக்கத்திலேயே வராது. கவலை வேறு இரண்டு. ஒன்று, ஆண்டிபயாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருந்தால் அதைத் தாங்கும் கிருமிகள்தான் பிழைத்துப் பெருகும். இன்னொன்று, நமக்கு மருந்தாக இருப்பது வேறோர் உயிருக்கு நஞ்சாகலாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கால் பாறு கழுகுகள் கூண்டோடு செத்தது தெரிந்த கதை. அது ஆற்று நீரால் நடந்தது இல்லை, செத்த மாட்டைத் தின்றதால் நடந்தது. காரணம் 2004இல் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. அதற்குள் இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன.

எங்கள் எஸ்.டி.பி.யில் பாக்டீரியா இருக்கிறதே, அது தின்றுவிடாதா?

சிலதைத் தின்னும். பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில் பாராசிட்டமால் சுலபமாக ஒழிந்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் உள்ளே போன மாதிரியே வெளியே வரும். எந்த ஊர் எஸ்.டி.பி.யில் சோதித்தாலும் இதே கதைதான். டைக்ளோஃபெனாக் இரண்டுக்கும் நடுவில்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக் கழிவை ஒப்பிட்டுப் பாருங்கள். சீசனில் கெட்டியாக, புளித்த வாடையோடு வரும். பார்த்தாலே பயமாக இருக்கும். ஆனால் அது சர்க்கரையும் நாரும்தான். பாக்டீரியாவுக்கு விருந்து, வினையூக்கி பக்கத்திலேயே போக வேண்டாம். கண்ணாடி மாதிரி தெளிந்து வரும் மருத்துவமனை நீரில்தான் பாக்டீரியா தொடாத சரக்கு இருக்கும்.

கடைசியில் குளோரின் போடுகிறோமே, போதாதா?

கிருமிக்குப் போதும். மருந்துக்குக் குளோரின் வேறு வேலை செய்கிறது, மூலக்கூறை உடைப்பதற்குப் பதில் அதில் போய் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. பாராசிட்டமால் மிச்சம் இருக்கும் நீரில் குளோரின் சேர்ந்தால் மூல மருந்தைவிட நச்சான பொருள்கள் உண்டாவதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, வினையூக்கி என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துவிட்டது.

காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புசுபுசுவென்று நுரைக்கும், பார்த்திருப்பீர்கள். அதே பெராக்சைடு பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடந்ததுதான். இரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பட்டதும் சடசடவென்று நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது; நொதி மட்டும் செலவாவதில்லை. அதுதான் வினையூக்கி. நம் பழைய பாடப் புத்தகத்தில் கிரியா ஊக்கி என்று இருக்கும்.

கழிவுநீரில் நமக்கு வேண்டியது ஆக்சிஜன் குமிழ் இல்லை. பெராக்சைடை வேறு மாதிரி பிளக்க வேண்டும். பிளந்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்ற ஒன்று பிறக்கும். மிகக் குறைந்த ஆயுள், கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. அதற்குள் எதிரே எது வந்தாலும் அதிலிருந்து ஓர் எலெக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ பிடுங்கிவிடும். ஆக்சிஜனேற்றும் வலிமையைக் குளோரினுக்கு 1.36 வோல்ட், ஓசோனுக்கு 2.07, இதற்கு 2.8 என்று கணக்கிடுகிறார்கள். கார்பமசெபைன் போன்ற அழுத்தமான ஆளும் இதனிடம் தப்ப முடியாது. ஒரே ஒரு குறை, இதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. கீழே வரும் பாதித் தொல்லைகளுக்கு இதுதான் காரணம்.

ஃபென்டன் முறை என்கிறார்களே, அதற்கு என்னென்ன வேண்டும்?

பெராக்சைடை இரும்பால் பிளக்கும் முறை அது. அன்னபேதி, பெராக்சைடு, அமிலம், சுண்ணாம்பு. அவ்வளவுதான். நாட்டு மருந்துக் கடையில் பச்சையாக உப்புக்கட்டி போல் கிடைக்குமே, அந்த அன்னபேதியேதான் இரும்பு சல்பேட். 1894இல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், இரும்பு உப்பு துளி இருந்தால் டார்டாரிக் அமிலத்தைப் பெராக்சைடு சட்டென்று ஆக்சிஜனேற்றுகிறது என்று எழுதினார். புளியில் இருக்கும் அமிலம் அது. உள்ளே ஹைட்ராக்சில்தான் வேலை செய்கிறது என்பது 1930களில்தான் பேசப்பட்டது. கழிவுநீருக்கு வந்தது இன்னும் பிந்தி.

ஒரு வாளியில் எடுத்துச் செய்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அமிலம் விட்டு பி.எச். 3 பக்கம் இறக்குவோம். அன்னபேதி கரைந்ததும் லேசான பச்சை. பெராக்சைடு விழுந்தவுடன் தேநீர் நிறம். கிளறிவிட்டு ஒரு மணி நேரம் விட்டு, சுண்ணாம்புப் பால் ஊற்றினால் துரு நிறத்தில் திரிந்து அடியில் படியும்.

அந்தத் துருச் சேறுதான் இம்முறையின் பலவீனம். பெராக்சைடைப் பிளக்கும்போது இரும்பு ஓர் எலெக்ட்ரானை இழந்து ஒரு படி ஏறிவிடும். மறுபடி இறங்கி வந்தால்தான் அடுத்த சுற்று. ஏறுவது நொடியில், இறங்குவது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாக. வினையூக்கி என்று பெயர் இருந்தாலும் நடைமுறையில் அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வெயிலோ புற ஊதா விளக்கோ பட்டால் இரும்பு சீக்கிரம் இறங்கிவரும், அதுதான் ஒளி ஃபென்டன். ஸ்பெயினில் அல்மெரியாவில் இருக்கும் சூரிய ஆற்றல் ஆய்வு மையத்தில் இதைத் திறந்த தொட்டிகளில் வெயிலை வைத்தே செய்து பார்க்கிறார்கள். நம்மூரில் வெயிலுக்கு என்ன குறை!

நம் ஊர்த் தண்ணீரில் அது அப்படியே வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியை விற்பனைக்கு வருகிறவர் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, சுண்ணாம்பு. கெட்டிலில் நாலு நாளில் வெள்ளைப் படை கட்டும். அந்தப் படைக்குக் காரணமான பைகார்பனேட்தான் கழிவுநீரிலும் ஓடுகிறது. ஊற்றும் அமிலத்தை விழுங்குவது அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 60, 70 படுக்கை மருத்துவமனை, நாளைக்கு 50,000 லிட்டர். லிட்டருக்கு பெராக்சைடு 50 மில்லிகிராம், இரும்பு 10 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 50 சதவீதப் பெராக்சைடு 5 கிலோ, அன்னபேதி 2.5 கிலோ. பரவாயில்லை என்று தோன்றுகிறதா? இந்தப் பைகார்பனேட்டைக் காட்டும் அளவான காரத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்தால், பி.எச்.சை இறக்கக் கந்தக அமிலம் மட்டும் சுமார் 20 கிலோ! பெராக்சைடைப் போல நாலு மடங்கு. அமிலம் வந்து இறங்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், ஆபரேட்டருக்குக் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அப்புறம் சல்பேட் முழுவதும் நீரிலேயே தங்கும். அந்த நீரைத்தான் தோட்டத்துக்கு விடுகிறோம்.

அமிலம் வேண்டாத முறைகளில் வேறு சிக்கல். பைகார்பனேட்டும் கரைந்த அழுக்கும் ஹைட்ராக்சிலைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே சொன்ன காரத்தன்மையில், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கார்பமசெபைன் இருந்தால், பிறக்கும் ஹைட்ராக்சிலில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட மருந்துக்குப் போய்ச் சேராது. மிச்சமெல்லாம் பைகார்பனேட்டுக்கும் அழுக்குக்கும்தான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பாக்டீரியா தின்ன வேண்டியதைத் தின்று முடித்து, வடிகட்டி, அதற்குப் பிறகுதான் வினையூக்கி. பச்சைக் கழிவில் ஊற்றுவது பணத்தைச் சாக்கடையில் ஊற்றுவது.

ஃபென்டன் செய்து பார்த்தோம். சி.ஓ.டி. குறையாமல் கூடிவிட்டது. ஏன்?

எனக்கும் நடந்தது, அதனால் சிரிக்க மாட்டேன். சி.ஓ.டி. என்பது நீரில் உள்ள அழுக்கை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு; கூடினால் அழுக்கு கூடியதாக அர்த்தம். ஒரு மருத்துவமனையில் 200 லிட்டர் டிரம்மில் முதல்முறை செய்தோம். எல்லாம் பாடப்படி. சுண்ணாம்பு விட்டதும் சேறு அடியில் போவதற்குப் பதில் மேலே எழும்பி, பால் ஆடை மாதிரி மிதந்தது. ஆபரேட்டர் தம்பி, “அண்ணே, இது பொங்கல் வைக்குது” என்றான். அடுத்த நாள் ரிப்போர்ட்டில் சி.ஓ.டி. போட்டதற்கு முன்பைவிட அதிகம். நிர்வாகி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான், பெராக்சைடு மிச்சம். பயத்தில் கொஞ்சம் தாராளமாக ஊற்றியிருந்தேன். சுண்ணாம்பு விட்டுப் பி.எச். ஏறியதும் மிச்சப் பெராக்சைடு ஆக்சிஜன் குமிழாகப் பிரிந்து, குமிழ் சேற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. சி.ஓ.டி. சோதனையில் போடும் டைகுரோமேட்டையும் பெராக்சைடு செலவழிக்கும். ஒரு மில்லிகிராம் மிச்சம் இருந்தால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் சி.ஓ.டி.யாகக் காட்டும். தண்ணீர் கெடவில்லை, சோதனைதான் ஏமாந்தது. இப்போது பெராக்சைடு காட்டும் பட்டையை நனைத்துப் பார்த்து, நிறம் மாறாத பிறகுதான் மாதிரி எடுக்கிறேன். மிச்சம் உள்ள நீரை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பியும் விடாதீர்கள், மாதக்கணக்கில் வளர்த்த பாக்டீரியா செத்துப்போகும்.

டைட்டானியம் டையாக்சைடு வெயிலிலேயே வேலை செய்யுமாமே?

செய்யும். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருக்கிற அதே பொருள். அதில் ஒளி பட்டால் நீரைப் பிளக்கலாம் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டினார்கள். அதே தத்துவத்தில் ஒளி பட்ட துகளின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் பிறக்கும். ஆனால் அதற்கு வேண்டியது சுமார் 390 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஒளி. வெயிலில் அது இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். துகள் மிக நுண்ணியது. கலந்துவிட்டால் தண்ணீர் பால் மாதிரி ஆகும், திரும்பப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கண்ணாடியில் பூசி ஒட்டினால் பிரிக்க வேண்டியதில்லை, ஆனால் நீர் தொடும் பரப்பு குறைந்து வேகமும் குறைகிறது. இரவிலும் மழை மூட்டத்திலும் விளக்கு வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு இருக்கும் செல்வாக்கு சுத்திகரிப்பு நிலையங்களில் இல்லை என்பது என் கணிப்பு.

அமிலமே இல்லாமல் இரும்பை வேலை வாங்க முடியாதா?

முடியும், இரும்பைக் கரைசலிலேயே பிடித்து வைக்க ஒரு துணை வேண்டும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமே அந்த வேலையைச் செய்யும், வெயில் சேர்ந்தால் இன்னும் நன்றாக. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டெரன்ஸ் காலின்ஸ் குழு உண்டாக்கிய டாம்ல் என்ற இரும்பு வினையூக்கி இன்னொரு வழி. நொதிகளைப் பார்த்துச் செய்தது. மிகச் சிறிய அளவே போதும், சாதாரண பி.எச்.சிலும் பெராக்சைடை வைத்துக் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைக்கூட உடைக்கும். 1999இல் அந்நாட்டின் பசுமை வேதியியல் விருது அதற்குக் கிடைத்தது. ஓசூர் கெமிக்கல் கடையில் கேட்டால் கிடைக்கும் சரக்கு இல்லை.

உடைந்த துண்டுகள் என்ன ஆகும்?

நல்ல கேள்வி. மருந்து காணாமல் போனது என்பதும், கார்பன் டையாக்சைடும் நீருமாக முடிந்தது என்பதும் ஒன்றில்லை. கார்பமசெபைன் உடையும் வழியில் அக்ரிடீன் என்ற பொருள் வரும். அது மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்பதால் மருந்தைவிடக் கவலைக்குரியது. பாதியில் நிறுத்தினால் அதுதான் மிஞ்சும். அதனால் 99 சதவீதம் நீங்கியது என்று யாராவது ரிப்போர்ட் நீட்டினால், மூல மருந்து மட்டுமா, மொத்தக் கரிமமும் குறைந்ததா என்று கேளுங்கள். வினையூக்கிக்குப் பின்னால் ஒரு மணல் படுகையோ கரிப் படுகையோ வைப்பது இந்தத் துண்டுகளுக்காகத்தான். பெரும்பாலும் உடைந்த துண்டைப் பாக்டீரியாவால் தின்ன முடியும்.

தருமபுரியில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை. அதையும் இது உடைக்குமா?

உடைக்காது. ஃப்ளோரைடு ஏற்கெனவே தனி அயனி, உடைக்க அதில் ஒன்றுமில்லை. அதை எதிலாவது பிடித்து எடுக்கத்தான் முடியும், இல்லையென்றால் வேறு இடத்து நீர் கொண்டுவர வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இதைக் கேட்ட ஒரு கல்லூரி மாணவி அடுத்து மடக்கினாள்: “சிப்ரோஃப்ளாக்சசினிலேயே ஃப்ளோரின் இருக்கிறதே, உடைத்தால் ஃப்ளோரைடு கூடாதா?” கூடும். மருந்தின் எடையில் நூற்றுக்கு ஆறு பங்குக்கும் குறைவு. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் மருந்து முழுவதும் உடைந்தாலும் வரும் ஃப்ளோரைடு, குடிநீருக்கான 1.5 மில்லிகிராம் உச்ச வரம்பில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறதே, அது மருந்தா? ஆற்றிலேயே வினையூக்கி தூவலாமா?

நுரைக்குக் காரணம் முக்கியமாகச் சோப்பும் டிடர்ஜென்டும். பெங்களூரின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது; ஓசூர் அருகே அந்த ஆற்றில்தான் இந்த அணை இருக்கிறது. அவ்வளவு பெரிய ஊரின் கழிவு என்றால் மருந்தும் கூடவேதான் வரும், ஆனால் அது நுரைக்காது. தூவுவது வேண்டவே வேண்டாம். ஹைட்ராக்சிலுக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்றேனே. ஆற்று நீரின் அழுக்கும் பாசியும் அதைத் தின்றுவிடும், மீன்தான் பாதிக்கப்படும். பிடிக்க வேண்டிய இடம் குழாய் முனை, ஆறு இல்லை.

இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா?

ஆண்டிபயாட்டிக் ஆலைக் கழிவுக்கு வரம்பு வைத்து மத்திய அரசு 2020இல் வரைவு வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு, பெரிய ஊர்களின் கழிவுநீருக்கு மருந்தை நீக்கும் கூடுதல் கட்டம் கட்டாயம், செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் தர வேண்டும் என்று விதித்தது. யார் உண்டாக்கினாரோ அவர் கட்டட்டும் என்பது எனக்குப் பிடித்த யோசனை. அங்கேயும் களத்தில் பெரும்பாலும் வைப்பது ஓசோனும் கரியும்தான்.

அப்படியென்றால் நாங்களும் கரியே வைத்துவிடலாமே?

பல இடங்களில் நான் சொல்வதும் அதுதான். கொட்டாங்குச்சியில் செய்த ஆக்டிவேட்டட் கரி இங்கேயே கிடைக்கிறது, ஆபரேட்டருக்கும் பழக்கம். கரி மருந்தை உடைக்காது, பிடித்து வைக்கும். நிறைந்ததும் மாற்றி, முறையாக எரிக்கக் கொடுக்க வேண்டும். நான் பார்த்தவற்றில் ஐந்து வருடமாக மாற்றாத கரியும் உண்டு, அது வெறும் கறுப்பு ஜல்லி.

வீட்டில் காய்ச்சினால், ஆர்.ஓ. வைத்தால் போய்விடுமா?

காய்ச்சினால் போகாது. ஆர்.ஓ. பெரும்பகுதியை நிறுத்தும், ஆனால் அது கழித்துவிடும் நீரில் அத்தனையும் கெட்டியாகிச் சாக்கடைக்கே திரும்பும்.

சரி, எங்கள் மருத்துவமனையில் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஏரேஷன் டேங்குக்குக் காற்று ஊதும் புளோயர் இரவில் ஓடுகிறதா என்று பாருங்கள். கரண்டு மிச்சம் என்று அணைத்து வைக்கும் இடங்கள் எனக்குத் தெரியும். அப்புறம் மருந்தகத்தில் காலாவதியானதும் வார்டில் ஊசிக் குப்பியில் மிஞ்சியதும் சிங்க்கில் கொட்டப்படுகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவை மஞ்சள் பைக்குப் போக வேண்டியவை. 2016 மருத்துவக் கழிவு விதி அதைத்தான் சொல்கிறது. அதன் பிறகு காரத்தன்மையும் சி.ஓ.டி.யும் சோதித்து அந்தத் தாளோடு கூப்பிடுங்கள். ஒரு லிட்டர் முகவையில் ஜார் டெஸ்ட் போட்டுப் பார்த்துவிடலாம். இந்த முறை பெராக்சைடைத் தாராளமாக ஊற்ற மாட்டேன்.